ஒருசொட்டு அக்காவும் ஒரு கேட் பாஸும்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்த மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். ஒருசொட்டு அக்கா எங்கே என்று கேட்டால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவர்கூடக் கையை நீட்டி வழி சொல்வார். நேராகப் போங்க, எக்ஸ்ரே அறையைத் தாண்டுங்க, எங்கே நிறையக் குழந்தைங்க ஒரே நேரத்துல அழுவுதோ அங்கேதான்.

அந்தப் பட்டப்பெயரை அவள் தன் வாயாலேயே சம்பாதித்தாள். பிள்ளை பெற்ற எந்தத் தாய் எதிரில் உட்கார்ந்தாலும், முதலில் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு பொருள்களை வெளியே எடுப்பாள். ஒன்று, காலுறைக்குள் பஞ்சை அடைத்துத் தைத்த மார்பு. இன்னொன்று, துண்டைச் சுருட்டிக் கட்டிய குழந்தை. வாயை எப்படித் திறக்க வைப்பது, கழுத்தை எப்படித் தாங்குவது, காம்பில் வெடிப்பு வந்தால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்லிக் காட்டுவாள். கடைசியில் வலது கைச் சுண்டுவிரலை நீட்டி, நக நுனியைத் தொட்டுக் காட்டுவாள்.

"ஆறு மாசம் பால். பால் மட்டும். தண்ணி, தேன், சர்க்கரைத் தண்ணி, எதுவும் ஒரு சொட்டுகூடக் கூடாது. தாய்ப்பால்லயே எல்லாச் சத்தும் இருக்கு."

ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னாலும் இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்வாள். அந்த வாக்கியத்தில் அவளுக்குப் பெருமை. தான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் என்பதும், தன் வாக்கியத்தைப் பட்டம் படித்த நர்ஸுகள் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் எதிரில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் மற்ற எல்லாரையும் போன்ற தாய்மார்தான். சிலர் மட்டும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள். அவளை ஆலோசகராக வேலைக்கு எடுத்ததே அந்தச் சிலருக்காக. முன்பு அவர்களுக்கென்று தனி அறை, தனிப் பலகை, தனி பெஞ்சு எல்லாம் இருந்தன. அந்த பெஞ்சில் ஈகூட உட்காராது. அங்கே உட்கார்ந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று தாய்மார் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் அவள் யாரையும் கேட்காமல் அந்த பெஞ்சைத் தன்னந்தனியாகத் தரதரவென்று இழுத்து, தடுப்பூசி வரிசைக்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டாள். தரையில் விழுந்த கீறல் இன்றைக்கும் இருக்கிறது. தலைமை நர்ஸ் சத்தம் போட்டதற்கு, "இப்ப யாரு எதுக்கு உக்காந்திருக்காங்கன்னு உங்களால சொல்ல முடியுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். தலைமை நர்ஸ் வரிசையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

வீடுகளுக்குப் போவதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால், அதே தெருவில் கைக்குழந்தை இருக்கும் வேறு மூன்று வீடுகளுக்கும் ஏறி இறங்குவாள். எல்லா வீட்டிலும் குழந்தையை எடை பார்ப்பாள், எல்லா வீட்டிலும் சுண்டுவிரலை நீட்டுவாள். நாலு வீட்டில் எந்த வீடு என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. கால் வலிக்கும். வலித்தால் வலிக்கட்டும் என்பாள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றால், அவளும் அதே பெஞ்சுக்கு உரியவள்தான். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலத்தில், முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பால் மாவு டப்பாவைக் கொடுத்து, தாய்ப்பால் வேண்டாம் என்று அனுப்பினார்கள். அவள் மார்பை இறுகக் கட்டிக்கொண்டு, பால் வற்றிவிட்டது என்று ஊருக்கெல்லாம் பொய் சொன்னாள். புட்டியைச் சுட வைக்க ஒரே ஒரு அடுப்பு, அதுவும் பொது அடுப்பு. குழந்தைக்கு நாலு மாதத்துக்குள் மூன்று தடவை வயிற்றுப்போக்கு. மூன்றாவது தடவை பிழைத்ததே பெரிய விஷயம். இரண்டாவது குழந்தை வந்தபோது அவள் தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரத்தத்தில் கிருமி சோதனையில்கூடத் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. தாராளமாகப் பால் கொடு, ஆனால் பாலோடு வேறு எதையும் கலக்காதே என்று சொன்ன டாக்டரம்மாவை அவள் கட்டிப்பிடித்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கிருமி இல்லை. பெரியவள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். சின்னவன் சும்மாவே ஓடுகிறான். யாராவது தாய் ரொம்பப் பயந்து அழுதால், கைபேசியில் அந்த இருவரின் படத்தைக் காட்டி, "இதுதான் என் சர்ட்டிபிகேட்" என்பாள்.

ஒரு வருடம் அவளிடம் குருவி வந்தாள்.

குருவி என்று பெயர் வைத்தது நர்ஸுகள். இருபத்திரண்டு வயது. வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு சத்தம், அதற்கும் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஏழாம் மாதத்தில்தான் அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அப்போதுதான் மாத்திரையும் ஆரம்பித்தது. பிரசவத்தின்போது கிருமி முழுதாக அடங்கியிருக்கவில்லை. அதனால் குழந்தைக்குத் தினமும் ஒரு தடவை, பன்னிரண்டு வாரத்துக்கு, ஒரு பாட்டிலிலிருந்து மருந்து புகட்ட வேண்டும் என்று டாக்டரம்மா எழுதினார். எச்.ஐ.வி. உள்ள மற்றத் தாய்மாரின் குழந்தைகளுக்கு அந்த மருந்து ஒரு பாதுகாப்பு என்றால், குருவியின் குழந்தைக்கு அது சுவர். அந்த மருந்தைக் கொடுப்பதும் அளவு சொல்வதும் எதிர் மேசையில் இருந்த மருந்தாளர். பால் இந்த மேசை, மருந்து அந்த மேசை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

குருவியின் கணவன் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு விஷயம் தெரியும், அவனும் மாத்திரை சாப்பிடுகிறான், ஆனால் மாதத்தில் இருபது நாள் வண்டியில்தான் குடித்தனம். வீட்டை நடத்துவது அவனுடைய அக்கா, அதாவது குருவியின் நாத்தனார், அவள் வாயில் அண்ணி. அந்த அம்மாவுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. சட்டை தைக்கும் தொழிற்சாலையின் கேட்டில் பெண்கள் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டி வேலை. இருபத்தாறு வருட சர்வீஸ். தெருவில் எல்லாருக்கும் அவர் கேட்டம்மா. வீட்டுக்கு வந்தாலும் காக்கிச் சட்டையைக் கழற்ற மனசு வராது. கொடியில் காயும் துணியைக்கூட எண்ணித்தான் உள்ளே எடுத்து வைப்பார் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள்.

குழந்தைக்கு ஒன்பது நாள் ஆனபோது ஒருசொட்டு அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். முன்னால் மூன்று வீடு ஏறி இறங்கிவிட்டுத்தான். கேட்டம்மா கையில் ஒரு கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். வெயில் காலம், பிள்ளைக்கு நாக்கு வறளும், ரெண்டு கரண்டி தண்ணீர் விட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் வாதம். ஒருசொட்டு அக்கா கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பிறந்த குழந்தையின் குடல் ஈரத் துணி மாதிரி, வேறு பொருள் போனால் கிழிசல் விழும், அந்தக் கிழிசல் வழியாகத்தான் நோய் நுழையும் என்றாள். பாலிலேயே தண்ணீரும் இருக்கிறது என்றாள். முக்கால் மணி நேரம் பேசினாள். கடைசியில் சுண்டுவிரலை நீட்டி அந்த வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள்.

கேட்டம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 

"அதாவது, பாலைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது."

"ஆமாக்கா."

"யாரு கொண்டுவந்தாலும்?"

"யாரு கொண்டுவந்தாலும்."

"இத முதல்லயே இப்படித் தெளிவாச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர். இது கேட் வேலை. எனக்கு விட்டுடுங்க."

அன்றைக்கு ஒருசொட்டு அக்கா தரையில் கால் பாவாமல்தான் மருத்துவமனைக்குத் திரும்பினாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இப்படி ஒரே பேச்சில் ஒருவர் கட்சி மாறி, காவலுக்கும் நின்றதில்லை. தலைமை நர்ஸிடம் போய் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லப் போனபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் போனாள். குழந்தைக்கு அன்று இருபத்தோராவது நாள். எடை பார்த்தால் முள் சந்தோஷமாக ஏறியிருந்தது. கேட்டம்மாவுக்கு அன்று பகல் ஷிப்ட் இல்லை. பாராட்டு வாங்கக் காத்திருந்தவர் போல வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இழுத்து, இடுப்புச் சாவியால் திறந்தார். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தேதி, நேரம், கொண்டுவந்தவர், பொருள் என்று கோடு போட்டு எழுதியிருந்தார். தொழிற்சாலை வாசலில் எழுதுவது மாதிரியே.

ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தரையில் வைத்தார். தேன் பாட்டில் ஒன்று, மூன்றாவது வீட்டுக்காரி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது. கிரைப் வாட்டர் ஒன்று, குருவியின் அம்மா. ரப்பர் மூடி போட்ட பால்புட்டி ஒன்று, சொந்தத் தம்பியே லாரியிலிருந்து இறங்கும்போது ஆசையாக வாங்கி வந்தது. அவன் பையையும் சோதிச்சேன் சிஸ்டர், தம்பின்னு பாக்கல என்றார். ஒருசொட்டு அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது கடைசி. இதுதான் பெரிய கேஸ்" என்று சொல்லி கேட்டம்மா நாலாவது பொருளை எடுத்து வைத்தார். "வெளியாள் இல்ல. நம்ம தம்பி பொண்டாட்டியே. தினம் காலையில கதவச் சாத்திக்கிட்டு பிள்ளை வாயில எதையோ பீச்சுறா. கையும் களவுமாப் பிடிச்சேன். கேட்டா விட்டமின் டானிக்காம். பால்லயே எல்லாச் சத்தும் இருக்குன்னு நீங்க சொன்னத அவ எதிர்லதானே சொன்னீங்க. அப்புறம் எதுக்கு டானிக்?"

அது மருத்துவமனையின் பழுப்பு நிற பாட்டில். எதிர் மேசை மருந்தாளரின் கையெழுத்தில் தேதி இருந்தது. பாதிக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது.

ஒருசொட்டு அக்காவின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. நோட்டைப் பார்த்தாள். அந்த வரிக்கு எதிரே இருந்த தேதியிலிருந்து விரலை மடக்கி எண்ணினாள். எட்டு நாள். அந்தக் குழந்தைக்குச் சுவராக நின்ற மருந்து எட்டு நாளாக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது. பூட்டியது கேட்டம்மாவின் சாவி. ஆனால் அந்தச் சாவியைச் செய்து கொடுத்தது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

எழுந்து கத்தியிருக்கலாம். பாட்டிலைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் டானிக்குக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்டம்மா மட்டுமல்ல, தெருவே கேட்டிருக்கும். அவள் புடவையைச் சரி செய்துகொண்டு, பிள்ளை பால் குடிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும், அது தாயும் நானும் மட்டும் இருந்தால்தான் சரியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

குருவி சுவரோடு சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. பேச்சு வழக்கத்தைவிட மெல்லிசாக வந்தது.

"விட்டமின்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்க்கா. பால்லயே இருக்குன்னு நீங்க சொன்னதையே திருப்பிச் சொன்னாங்க. ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னாங்க. அதுக்கு மேல எதிர்த்துப் பேசினா, ஏன் இவ இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறான்னு யோசிப்பாங்க. அவரும் வண்டியில இருக்காரு. போன்ல சொன்னா பக்கத்துல கிளீனர் இருப்பான்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. நீங்க சொன்ன அந்த ஒரு சொட்டுல மருந்தும் சேத்தியோன்னு."

இதுதான் ஒருசொட்டு அக்காவின் நெஞ்சில் தைத்தது. நாத்தனார் தப்பாகப் புரிந்துகொண்டது பெரிதில்லை. மாத்திரையின் அருமை தெரிந்த தாய்க்கே சந்தேகம் வரும்படி அவள் பேசியிருக்கிறாள். எத்தனை பேர் எதிரில், எத்தனை தடவை.

குருவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தப்பு உன் மேல் இல்லை, அண்ணி மேலும் இல்லை, என் மேல் என்றாள். இப்போது வெளியே போய் உன் அண்ணியிடம் நான் என்ன சொல்லலாம், எது வரைக்கும் சொல்லலாம், நீதான் சொல்ல வேண்டும் என்றாள். குருவி குழந்தையின் காதை வருடிக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். குழந்தை ஒரு பக்கம் முடித்து மறு பக்கத்துக்கு மாறிவிட்டது.

"ரத்தத்துல ஒரு கிருமி இருக்குன்னு சொல்லுங்க. பிள்ளைக்கு வராம இருக்க மருந்துன்னு சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம்."

"பேரு என் வாயிலிருந்து வராது. என் ரெண்டு பிள்ளைங்க மேல ஆணை."

வெளியே கேட்டம்மா பறிமுதல் செய்த பொருள்களை மறுபடியும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருசொட்டு அக்கா அவர் எதிரில் தரையில் அமர்ந்தாள்.  இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தைத் திருத்திச் சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு வந்ததே இல்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட பாதிதான் சொன்னேன். மீதிப் பாதிய விட்டுட்டேன். அது என் தப்பு. இந்த பாட்டில் டானிக் இல்ல, டாக்டர் எழுதின மருந்து. உங்க தம்பி பொண்டாட்டி ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. அது பிள்ளைக்குப் போகாம தடுக்கிற மருந்து இது. பாலும் போகணும், இதுவும் போகணும். தினம்."

கேட்டம்மாவின் கை பெட்டி மூடியிலேயே நின்றது. முதலில் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு வந்துடுச்சா?"

"தெரியல. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாக்கணும்."

"என்ன கிருமி?"

"அத சொல்ற உரிமை எனக்கு இல்லக்கா. சொல்ல வேண்டியவ உள்ள இருக்கா. அவளா சொல்ற அன்னிக்கு சொல்லட்டும்."

கேட்டம்மா திரைச்சீலையைப் பார்த்தார். உள்ளிருந்து குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது.

"கேட்ல பொம்பளைங்க பையத் திறப்பேன்" என்றார் மெதுவாக. "சில பையில சில பொருள் இருக்கும். பாத்தும் பாக்காத மாதிரி மூடிக் கொடுத்துடுவேன். இருபத்தாறு வருஷமா அதுவும் என் வேலைதான்."

பிறகு குரல் மாறிவிட்டது. காக்கிச் சட்டை திரும்பி வந்துவிட்டது.

"சரி. ஆனா ஒரு தடவை எதுவும் போகக் கூடாதுன்னீங்க. இப்ப இது போகலாம்கிறீங்க. நாளைக்கு இன்னொருத்தி வந்து தேனும் போகலாம்பா. வாய்ப் பேச்சை வச்சு எங்க கேட்ல ஒரு குண்டூசிகூட உள்ள விடமாட்டோம். பாஸ் வேணும். எழுதிக் கொடுங்க."

"பாஸா?"

"கேட் பாஸ். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நாளைக்கு, யாரு அனுமதி கொடுத்தது. கீழ கையெழுத்து."

ஒருசொட்டு அக்கா தன் பையிலிருந்து எடை எழுதும் அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு எழுதினாள். எட்டாம் வகுப்பு எழுத்து, கோணல்மாணலாக. பால், எப்போது கேட்டாலும். டாக்டர் எழுதிய மருந்து, எழுதிய அளவு, எழுதிய நாள் வரை. தடுப்பூசி. இந்த மூன்றுக்கும் அனுமதி. ஆறு மாதம் முடியும் வரை வேறு எதற்கும் அனுமதி இல்லை. கேட்டம்மா இரண்டு தடவை படித்தார். மருந்தின் அளவை மில்லி கணக்கில் எழுத வைத்தார். தேதி போட வைத்தார். பிறகு நோட்டைத் திறந்து, பழுப்பு பாட்டில் வரிக்கு எதிரே, தவறாக நிறுத்தப்பட்டது, விடுவிக்கப்பட்டது என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். தவறு யாருடையது என்று எழுதவில்லை. ஒருசொட்டு அக்காவே பேனாவை வாங்கிப் பக்கத்தில் எழுதினாள்: தவறு ஆலோசகருடையது.

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் குழந்தையோடு ஆட்டோவில் இருந்தார்கள்.

டாக்டரம்மா குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, அட்டையில் வட்டம் வட்டமாக இரத்தச் சொட்டுகளை ஒற்றி எடுத்தார். மருந்தை அப்போதே புகட்டச் சொன்னார். குருவிக்கும் இரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் முடிவு வர மூன்று வாரம் ஆகும். அது வந்தாலும் ஆறாவது வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பால் கொடுக்கிற காலம் முழுக்க அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குருவியை அனுப்பிவிட்டு ஒருசொட்டு அக்கா டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். நடந்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். வேறு எவராவது சொல்லும் முன் தானே சொல்ல வேண்டும் என்று ஆட்டோவிலேயே தீர்மானித்திருந்தாள். எட்டாம் வகுப்புக்காரியை இந்த நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான் என்று ஒரு பேச்சு வரும், அதையும் அவள் எதிர்பார்த்தாள். தலைமை நர்ஸும் அறையில் இருந்தார்.

"என்னை மாத்தணும்னா மாத்திடுங்க. ஆனா என் வாயால அதே வாக்கியத்தைக் கேட்டுட்டுப் போனவங்க இந்த மாசத்துல மட்டும் பதினோரு பேரு, மருந்து பாட்டிலோட. அவங்க எல்லாரையும் நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் மாத்துங்க."

 பதில் சொன்னது தலைமை நர்ஸ்தான். "பெஞ்சை இழுத்துப் போட்டப்ப யாரையும் கேட்டியா? இப்ப என்ன புதுசாக் கேக்குற? போ, போய்ப் பாத்துட்டு வா."

பதினோரு வீடு. ஒவ்வொன்றுக்கும் கூடவே மூன்று வீடு. ஆறு நாள் ஆனது. செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டு நடந்தாள். பத்து வீட்டில் மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அந்தத் தாய், மருந்து கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் பால் கொடுக்காமல் பிள்ளையை அழ விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தாள். ஒருசொட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்தாள். பிறகு அந்த வீட்டுக்கும் ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தாள்.

அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகளும் மகனும் மேசையில் சண்டை போட்டால்கூட அதட்டத் தோன்றவில்லை. பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் சுண்டுவிரல் பாதி வழியில் நின்றது. புதிய வாக்கியத்தைத் தேடித் தேடிச் சொன்னாள். முதலில் நாக்கில் வரவில்லை. "பால், டாக்டர் எழுதின மருந்து, தடுப்பூசி. இந்த மூணத் தவிர ஒரு சொட்டுகூடக் கூடாது" என்று வருவதற்கு ஒரு வாரம் பிடித்தது. பழையதைப் போல அது கணீரென்று இல்லை. ஆனால் அதில் ஓட்டை இல்லை.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, தாளை அவள் கையில் கொடுத்து, நீயே படி என்றார். கிருமி இல்லை. அவள் தாளை மடித்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போய், மருந்தாளரின் நாற்காலியைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். இனிமேல் பாலும் மருந்தும் ஒரே மேசை என்றாள். மருந்தாளர் எதுவும் புரியாமல் எழுந்து வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அங்கேதான் உட்கார்கிறார்.

ஆறாவது வாரத்திலும் இல்லை. ஆறாவது மாதத்திலும் இல்லை. குருவியின் இரத்தத்திலும் கிருமி அடங்கிவிட்டது. கேட்டம்மா பாஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் மருந்து உள்ளே போன நேரத்தை நோட்டில் எழுதினார். அதன் பிறகு பன்னிரண்டு வாரம் முடியும் வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாலாவது மாதத்தில் ஒரு நாள் குருவி தானாகவே அண்ணியிடம் கிருமியின் பேரையும் சொல்லிவிட்டாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருசொட்டு அக்கா கேட்டபோது, குருவி சிரித்துக்கொண்டே சொன்னாள். அண்ணி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, உன் மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஏழு மணி என்றதும் நோட்டில் புதிதாக ஒரு கோடு போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஏழு மணிக்குத் தண்ணீர் டம்ளரோடு அவர் எதிரில் வந்து நிற்கும்போது, மறந்துவிட்டேன் என்று சொல்ல எவளுக்குத் தைரியம் வரும்?

பாஸ் இப்போது மருத்துவமனைக்கே வந்துவிட்டது. இளஞ்சிவப்பு அட்டையில் அச்சடித்து, கைக்குழந்தையோடு வரும் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அட்டை, அதனால் யார் கையில் இருந்தாலும் யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. மருந்து என்ற வரியில் மட்டும் கையால் எழுத இடம் விட்டிருக்கிறது. சத்து மருந்து குடிக்கிற குழந்தைக்கும் அதே வரிதான்.

குழந்தைக்குப் பதினெட்டு மாதம் ஆனபோது கடைசிப் பரிசோதனைக்கு மூன்று பேரும் வந்தார்கள். பால் நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டம்மா வேலைக்குப் போகிற வழி, சீருடையில் இருந்தார். குழந்தை அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வரிசையில் நிற்கிறவர்களின் பைகளுக்குள் ஒவ்வொன்றாகத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு போனான். தலைமை நர்ஸ் அவனைத் தூக்கப் போனால், அவர் கைப்பையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தோளில் ஏறினான்.

முடிவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். கிருமி இல்லை, இனி இதற்காக அவன் இங்கே வர வேண்டியதில்லை என்றார்.  குருவி ஒருசொட்டு அக்காவின் தோளில் நெற்றியை வைத்து நின்றாள். அக்கா கைபேசியை எடுத்து, தொப்பியோடு நின்ற பையனை ஒரு படம் எடுத்தாள். அது அவள் பிள்ளைகள் படத்துக்கு அடுத்ததாகப் போய்ச் சேர்ந்தது.

கேட்டம்மா சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினேழு மாதத்துக்கு முன் கோணல்மாணலாக எழுதின அதே அட்டை. மடிப்பே விழாமல் இருந்தது.

"நீங்களே வச்சுக்கோங்கக்கா" என்றாள் ஒருசொட்டு அக்கா. "ஞாபகமா இருக்கட்டும்."

"அது முறை இல்ல சிஸ்டர். வேலை முடிஞ்சா பாஸ் கொடுத்தவங்ககிட்டயே திரும்ப வரணும். நேரத்தப் போட்டு வாங்கிக்கங்க."

ஒருசொட்டு அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையின் கீழே தேதியை எழுதினாள். பத்து மணி நாற்பது நிமிடம் என்று எழுதினாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேட்டம்மா எட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, பையன் தலையிலிருந்து தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.